மாடலிங்குக்கு வரும் தம்பி முடியை எப்படி வைத்துக்கொள்வது?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, எனக்கு 21 வயது. பாளையங்கோட்டையில் டிகிரி முடித்துவிட்டேன். மாடலிங்குக்கு முயற்சி செய்யப்போகிறேன், இன்னும் போட்டோ எதுவும் எடுக்கவில்லை. எனக்குச் சுருட்டை முடி, கொஞ்சம் ஏறுநெற்றி. இப்போது பக்கத்தில் ஜீரோ ஃபேட், அதாவது கீழே தோல் தெரிய வழித்து மேலே போகப்போகக் கூடுகிற மாதிரி, வெட்டியிருக்கிறேன். வேட்டி விளம்பரம், கோட் சூட், காலேஜ் பையன் என்று எதற்குக் கூப்பிட்டாலும் ஒத்துவருகிற மாதிரி ஒரே ஸ்டைல் சொல்லுங்கள். ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துவிடலாமா? திருச்செந்தூரில் மொட்டை போடுவதாக அம்மா வேறு நேர்ந்திருக்கிறார்கள், அதுவும் பாக்கி இருக்கிறது."

தம்பி, நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். போட்டோ எடுக்கும் முன்பே முடியைப் பற்றி யோசிக்கிறவர்கள் குறைவு. பெரும்பாலும் போர்ட்ஃபோலியோ என்கிற படத்தொகுப்புக்குப் பணத்தைச் செலவழித்துவிட்டு, ஆறு மாதம் யாரும் கூப்பிடவில்லை என்ற பிறகுதான் என்னிடம் வருவார்கள்.

என் அப்பா நெல்லை டவுனில் வாகையடி முக்குக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருந்தார். நான் கத்திரி பிடித்தது அங்கேதான். அப்புறம் சென்னையில் பதினோரு வருடம் விளம்பரப் படப்பிடிப்புகளில் முடி அலங்காரம் பார்த்தேன். இப்போது ஊரோடு இருந்து, நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் துணிக்கடை, நகைக்கடை விளம்பரம் எடுப்பவர்களுக்கு வேலை செய்கிறேன். நான் சொல்வதெல்லாம் இந்தக் கையால் வெட்டிப் பார்த்தது.

நீங்கள் ஸ்டைல் கேட்கிறீர்கள். நான் நீளம் சொல்கிறேன், ஏனென்றால் புதியவருக்கு வேண்டியது அதுதான். படப்பிடிப்புத் தளத்தில் என்னால் முடியை ஐந்து நிமிடத்தில் குறைக்க முடியும், படியச் செய்ய முடியும், கலைத்துவிட முடியும், வகிட்டை இடமிருந்து வலத்துக்கு மாற்ற முடியும். இல்லாத முடியை மட்டும் கொண்டுவர முடியாது. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் வளரும். எந்த எண்ணெயும் அதை இரண்டாக்காது. அதனால் பலருக்கும் பயன்படுகிற தலை என்றால், நாலைந்து விதமாக மாற்றுவதற்கு முடி மிச்சம் இருக்கிற தலை.

அளவாகச் சொல்கிறேன். பக்கவாட்டில் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர், கத்திரியும் சீப்பும் வைத்து வெட்டியது. காதுக்கு மேலே கொஞ்சம் குறைந்து, மேலே போகப்போகக் கூடவேண்டும். பிடரியில் இயல்பாகக் கரைந்து முடியவேண்டும், கோடு போட்ட மாதிரி நிற்கக் கூடாது. உச்சியில் எட்டு சென்டிமீட்டர். முன்பக்கம் பத்து, இழுத்துவிட்டால் புருவத்தைத் தொட்டுக் கொஞ்சம் கீழே வரவேண்டும். கிருதா காதின் நடுப்பகுதி வரை. சலூன்காரரிடம் சென்டிமீட்டர் சொன்னால் சிரிப்பார். பக்கத்தில் ஒன்றரை விரல், மேலே நாலு விரல், முன்னால் ஐந்து விரல் என்று சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

இந்த நீளத்தில் என்ன முடியும் என்று பாருங்கள். இடது பக்கம் வகிடு எடுத்து, கொஞ்சம் ஈரத்தோடு படிய வாரினால் பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை. அதையே பின்னால் தள்ளி வாரினால் கோட் சூட் போட்ட வங்கி மேலாளர். ஒன்றும் செய்யாமல் விரலால் கோதிவிட்டு முன்னால் விழவிட்டால் கல்லூரிப் பையன். ட்ரையர் வைத்து நன்றாகக் காயவைத்து, கிருதாவையும் கொஞ்சம் கலைத்துவிட்டால் வயலுக்குப் போய்வந்த ஆள். நான்கும் ஒரே காலையில், ஒரே தலையில். விளம்பரம் எடுப்பவர் ஒரு நாளைக்குத்தான் உங்களுக்குச் சம்பளம் தருகிறார். அந்த ஒரு நாளில் இரண்டு மூன்று ஆளாக உங்களைக் காட்ட முடியும் என்றால் அடுத்த முறையும் உங்களைத்தான் கூப்பிடுவார். நம்ம பக்கம் துணிக்கடைப் படம் என்றால் காலையில் வேட்டி சட்டை, மத்தியானம் ஃபார்மல், சாயங்காலம் டீ-ஷர்ட் என்று மாற்றி மாற்றி எடுப்பார்கள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜீரோ ஃபேட் இதில் எங்கே இடிக்கிறது என்றால், அது பார்த்தவுடன் ஒரே ஒரு ஆளைத்தான் காட்டும். அழகில்லை என்று சொல்லவில்லை. நன்றாக வெட்டிய ஃபேட் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை வெட்டத் தெரிந்தவன் நல்ல கைக்காரன். ஜிம் உடை, ஸ்போர்ட்ஸ் ஷூ, பைக் விளம்பரத்துக்கு அது பொருந்தும். கல்யாண வீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிற மூத்த மகனுக்குப் பொருந்தாது. நம்ம ஊர்ச் சந்தையில் வருகிற வேலையில் பெரும்பகுதி அந்த மகன்தான்: ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், முகூர்த்தப் பட்டு.

சில வருடங்களுக்கு முன்னால் ஆலங்குளம் பக்கத்துத் தம்பி ஒருவனைக் குடும்ப விளம்பரம் ஒன்றுக்கு நான்தான் சிபாரிசு செய்தேன். நல்ல முகம், நல்ல உயரம். போட்டோவில் பார்த்தபோது முடி நான் சொன்ன அளவில் இருந்தது. படப்பிடிப்புக்கு முந்தின ராத்திரி, நன்றாகத் தெரியவேண்டும் என்ற ஆசையில் சலூனுக்குப் போய் இரண்டு பக்கமும் வழித்து, நெற்றியோரம் பிளேடால் கோடும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். காலையில் ஆறு மணிக்குக் குறுக்குத்துறைப் படித்துறையில் எல்லோரும் நிற்கிறோம். இயக்குநர் ஒரு நிமிடம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மாற்று ஆளைக் கூப்பிடச் சொன்னார். தலைப்பாகை கட்டி மறைக்கலாமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. அந்தப் பையன் பேருந்து ஏறும்போது அழுதான், எனக்கும் மனசு ஆறவில்லை. முந்தின நாள் ஒரு போன் போட்டு 'தம்பி, தலையில் கை வைக்காதே' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து யாரைச் சிபாரிசு செய்தாலும் ஒரு வாரம் முன்பே அந்த போனைப் போட்டுவிடுகிறேன்.

சரி, உங்கள் சுருட்டை முடிக்கு வருவோம். ஸ்ட்ரெய்ட்டனிங் வேண்டாம் தம்பி. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

முடி சுருள்வதற்குக் காரணம் தோலுக்குள் வேர் இருக்கிற குழியின் வடிவமும், முடிக்குள் இருக்கிற கெரட்டின் என்ற புரதத்தைக் கட்டிவைத்திருக்கிற கந்தகப் பிணைப்புகளும். நிரந்தர ஸ்ட்ரெய்ட்டனிங் செய்யும் மருந்து அந்தப் பிணைப்பை உடைத்து, முடியை நேராக இழுத்து, மறுபடி பூட்டிவைக்கிறது. வெளியே இருக்கிற முடிக்குத்தான் அது செல்லும். உள்ளேயிருந்து வருகிற புது முடி உங்கள் பழைய சுருட்டையாகவே வரும். மூன்றாவது மாதம் வேரில் மூன்று சென்டிமீட்டர் சுருட்டை, அதற்கு மேலே தொங்குகிற கோரை முடி. அந்தத் தலையை வைத்துக்கொண்டு எந்த வேடமும் போட முடியாது. மறுபடி மருந்து போடவேண்டும், இல்லை முழுவதையும் வெட்டவேண்டும். நேராக்குகிறோம் என்று கடைகளில் போடுகிற சில கெரட்டின் மருந்துகளில், சூடு காட்டும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வரும். கண் எரியும், மூச்சு முட்டும். அது உடம்புக்கு ஆகாத சரக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. நேர்முடி மாடல்கள் எல்லா ஊரிலும் வரிசையில் நிற்கிறார்கள். அடர்த்தியான கறுப்புச் சுருட்டை முடியும் மாநிறமும் உள்ள தென்பாண்டி முகம் உங்களுக்குப் பிறப்பிலேயே வந்திருக்கிறது. அதைக் காசு கொடுத்துத் தொலைக்காதீர்கள். படத்துக்கு ஒரு நாள் நேராக வேண்டும் என்றால் ட்ரையரும் உருளைச் சீப்பும் வைத்து நான் இருபது நிமிடத்தில் நேராக்குவேன், தண்ணீர் பட்டால் பழையபடி ஆகிவிடும். அது போதும்.

சுருட்டை முடியை வெட்டுவதில்தான் சூட்சுமம். ஈரத்தில் பத்து சென்டிமீட்டர் இருக்கிற சுருள், காய்ந்ததும் ஆறு ஏழாகச் சுருங்கிவிடும். கோரை முடிக்கு வெட்டிப் பழகியவர் ஈரத்தில் அளந்து வெட்டி அனுப்புவார், வீட்டுக்குப் போய்க் காய்ந்த பிறகு பார்த்தால் பாதி தலையைக் காணோம் என்று இருக்கும். அதனால் நான் மேலே சொன்ன விரல் கணக்கெல்லாம் முடியை நேராக இழுத்துப் பிடித்த நிலையில். உங்களுக்கு அதற்கு மேல் ஒரு விரல் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை காய்ந்த முடியிலேயே வெட்டச் சொல்லுங்கள், சுருள் எங்கே விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பல்லுப்பல்லாக இருக்குமே, முடியை மெலிதாக்குகிற கத்திரி, அதைச் சுருட்டை முடியில் ரொம்ப ஓட்ட விடாதீர்கள். அது நறுக்கிய குட்டை முடிகள் நீள முடிக்கு நடுவே முட்டிக்கொண்டு நின்று, இரண்டு வாரத்தில் தலை பந்து மாதிரி உப்பிவிடும். கனம் குறையவேண்டும் என்றால் உள்ளடுக்கில் லேயர் எடுப்பதுதான், அதாவது அடுக்கடுக்காக நீளம் மாற்றி வெட்டுவதுதான் வழி.

வாரத்துக்கு இரண்டு தடவை ஷாம்பூ போதும். கண்டிஷனர் போட்டு, ஈரம் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் வாரிவிட்டு, அப்புறம் தொடாதீர்கள். காய்ந்த சுருட்டையைச் சீப்பால் வாரினால் பஞ்சாகிவிடும். துண்டால் பரபரவென்று தேய்க்காமல் பழைய பருத்தி பனியனால் ஒற்றி எடுங்கள்.

எண்ணெய் பற்றி இரண்டு வார்த்தை. நம்ம வீடுகளில் தேங்காய் எண்ணெய் தடவாமல் வெளியே விடமாட்டார்கள். தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லதுதான், முடியின் உள்ளே வரைக்கும் இறங்கக்கூடிய எண்ணெய் அது. தலைக்குக் குளிப்பதற்கு முன் தேய்த்தால் முடியிலிருந்து புரதம் கழிவதைக் குறைக்கும். ஆனால் தலையில் வைத்துக்கொண்டே கேமரா முன் நின்றால் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் உச்சி பளபளத்து, அங்கே முடியே இல்லாத மாதிரி தெரியும். கொஞ்ச நேரத்தில் நெற்றியும் மினுங்க ஆரம்பித்துவிடும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வழக்கம் இருந்தால் விடவேண்டாம், படப்பிடிப்புக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தலையில் ஒன்றும் இல்லாமல், சுத்தமாக அலசிய முடியோடு வாருங்கள். ஜெல், வேக்ஸ் எதுவும் நீங்களாகப் போட்டு வரக் கூடாது, அதைக் கழுவி எடுப்பதற்கே எங்களுக்கு அரை மணி நேரம் போகும். நீங்களே வாங்கி வைத்துக்கொள்ள ஆசை என்றால் முடியை நிறுத்துகிற, பளபளப்பு இல்லாத மேட் க்ளே என்ற பசை ஒரு டப்பா போதும், ஒரு பட்டாணி அளவு எடுத்தால் தலை முழுவதுக்கும் வரும்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, ஆற்றுத் தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது, அதில் குளித்த முடி தனியாகத் தெரியும். ராதாபுரம், வள்ளியூர் பக்கம் போர்வெல் தண்ணீரில் குளிக்கிற பையன்களுக்குக் கால்சியமும் மக்னீசியமும் முடிமேல் படிந்து சொரசொரவென்று இருக்கும், ஷாம்பூவும் நுரைக்காது. அவர்களுக்கு நான் சொல்வது, கடைசியாக ஊற்றுகிற ஒரு குடம் தண்ணீராவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். சென்னைக்குப் போய் அறை எடுத்துத் தங்கினால் உங்களுக்கும் இந்தப் பாடு வரும்.

நம்ம பக்கத்துக் காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். தீபாவளி விளம்பரங்களைப் பெரும்பாலும் ஆடி, ஆவணியிலேயே எடுத்துவிடுவார்கள். அப்போது செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் அடிக்கிற காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டாம், கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அம்மி பறக்கிற ஆடிக் காற்றில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பக்கமுடி இருந்தால் காதோரம் இறக்கை மாதிரி விரியும். ஸ்ப்ரே அடித்து நிறுத்தினால் அட்டை மாதிரி தெரியும். பக்கத்தில் ஒன்றரை விரல் என்று நான் சொல்வதற்கு இந்தக் காற்றும் ஒரு காரணம். சென்னையில் மூடிய ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறவர் இன்னும் ஒரு விரல் கூட வைக்கச் சொல்லலாம், அங்கே அது சரி.

அடுத்து ஏறுநெற்றி. இதை நேராகவே பேசுவோம். 21 வயதில் நெற்றி உயரமாக இருப்பது இரண்டு விதம். சிறுவயதிலிருந்தே அப்படித்தான் என்றால் அது உங்கள் முக அமைப்பு, கவலை வேண்டாம். இரண்டு வருடம் முன்பு எடுத்த போட்டோவில் இருந்ததைவிட இப்போது இரண்டு மூலையும் உள்ளே போயிருந்தால் அது வழுக்கையின் தொடக்கமாக இருக்கலாம். அப்பா, தாத்தா, தாய்மாமன் தலைகளையும் பாருங்கள், இரண்டு பக்கத்திலிருந்தும் வரக்கூடியது அது. சந்தேகம் என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலேயே தோல் பிரிவு இருக்கிறது. ஆரம்பத்தில் போனால் இருப்பதைக் காப்பாற்ற வழி உண்டு. விளம்பரத்தில் பார்த்த எண்ணெய்களை வாங்கி ஒரு வருடத்தைக் கழித்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான், சீப்பில் நாலு முடி பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொரு வகை உதிர்தலை நான் மாடலிங் தம்பிகளிடம் நிறையப் பார்க்கிறேன். உடம்பை ஒல்லியாக்குகிறேன் என்று சோறு, முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பட்டினி கிடப்பார்கள். அப்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டும். டைபாய்டு, டெங்கு காய்ச்சல் வந்து எழுந்தாலும் இதே மாதிரிதான். திரும்ப வளர்ந்துவிடும், ஆனால் அதற்குள் ஒரு சீசன் போய்விடும். வயிற்றுக்குப் போடாமல் தலைக்கு எதைத் தடவினாலும் பிரயோசனமில்லை.

ஏறுநெற்றியை மறைக்க முன்முடியை எப்போதும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு திரியாதீர்கள். மாடல் தேர்வுக்குப் போனால் முதலில் முடியைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள். நீங்கள் கூச்சப்பட்டால் அது முகத்தில் தெரியும். உயர்ந்த நெற்றியும் சுருட்டை முடியும் சேர்ந்தால் பின்னால் வாரும்போது கம்பீரமாக இருக்கும், இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

வட்ட முகத்துக்கு இது, நீள முகத்துக்கு அது என்று பட்டியல்கள் நிறைய வருகின்றன. எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. நான் பார்ப்பது மூன்று: காது எவ்வளவு விரிந்திருக்கிறது, உச்சியில் சுழி எப்படி இருக்கிறது, பின்மண்டை தட்டையா உருண்டையா. காது விரிந்திருந்தால் பக்கமுடி கொஞ்சம் கூட வேண்டும். பின்மண்டை தட்டை என்றால் அங்கே நீளம் விட்டு உருட்டி வெட்டவேண்டும், மிஷின் போட்டு ஏற்றிவிட்டால் பக்கவாட்டுப் படத்தில் கழுத்தும் தலையும் ஒரே பலகையாகத் தெரியும். இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்று ஊரில் பாட்டிமார் சொல்வார்கள். தொழில்காரனுக்கு அதில் தெரியவேண்டியது, சுழிக்குப் பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே போனால் முடி குத்திட்டு நிற்கும் என்பது. உங்கள் சுழி எத்தனை, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டு சலூனில் சொல்லுங்கள்.

சலூன் விஷயத்தில், ஒரே ஆளிடம் வெட்டுங்கள். பெரிய பார்லராக இருக்கவேண்டும் என்ற அவசியமில்லை. அம்பாசமுத்திரத்திலேயே கத்திரி வேலை தெரிந்த, கொஞ்சம் வயதானவர் யாராவது இருப்பார். மிஷின் வராத காலத்தில் பழகிய கை, பக்கங்களைக் கத்திரியிலேயே கரைத்து எடுப்பார். நடிகர் படத்தைக் காட்டாதீர்கள். உங்கள் தலை நன்றாக இருந்த நாளில் முன்னால், பக்கம், பின்னால் என்று எடுத்த உங்கள் படத்தையே காட்டுங்கள். அவர் மிஷினைத்தான் எடுப்பேன் என்றால் நம்பர் தெரிந்து பேசுங்கள்: ஒன்று என்றால் 3 மில்லிமீட்டர், இரண்டு 6, மூன்று கிட்டத்தட்ட 10, நாலு 13. நாலுக்குக் கீழே உங்கள் தலையில் ஏறக் கூடாது, பிடரியோரம் தவிர.

மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும். படப்பிடிப்பு இருந்தால் ஐந்து முதல் ஏழு நாள் முன்பு. நம்ம நிறத்துக்கு வெயிலில் முகமும் கழுத்தும் கறுத்திருக்கும், முடிக்குள் இருந்த தோல் வெளுத்திருக்கும். புதிதாக வெட்டியதும் காதைச் சுற்றியும் பிடரியிலும் வெள்ளையாக ஒரு தடம் தெரியும் பாருங்கள், அதை கேமரா விடாது. ஒரு வாரத்தில் அது ஆறிவிடும்.

கலர் அடிக்காதீர்கள். பழுப்பு ஹைலைட் போட்டால் மாப்பிள்ளை வேடமும் கிராமத்து வேடமும் அன்றோடு போயிற்று. கறுப்பு டையும் தேவையில்லை. அதில் பல சரக்குகளில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது, ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும். படத்துக்கு நரை வேண்டுமா, செம்பட்டை வேண்டுமா, கழுவினால் போகிற வண்ணம் நாங்கள் வைத்திருக்கிறோம்.

தாடியும் முடியின் கணக்கில்தான் வரும். 3 மில்லிமீட்டர் தாடி வைத்துக்கொண்டு வாருங்கள், அங்கே வைத்து எடுத்துவிடலாம். சுருட்டை முடிக்காரர்களுக்குத் தாடியும் சுருண்டு தோலுக்குள்ளேயே திரும்பக் குத்தும், கழுத்தில் பொரிப்பொரியாக வரும். முடி வளர்கிற திசைக்கு எதிர்வாட்டில் ஷேவ் செய்யாதீர்கள். ஷேவ் செய்தே வரச் சொன்னால் அன்று காலையில் செய்யாமல் முந்தின ராத்திரி செய்யுங்கள். முறுக்கு மீசை இப்போதைக்கு வேண்டாம்.

இப்போது படம் எடுக்கும் கட்டம். பெரிய போர்ட்ஃபோலியோவுக்கு முன்னால் வெறும் படங்கள் வேண்டும். இதைத் தொழிலில் போலராய்டு என்று இன்னமும் சொல்கிறோம், போனிலேயே எடுக்கலாம். வெள்ளைச் சுவர், ஜன்னல் வெளிச்சம், சாதா டீ-ஷர்ட், தலையில் எதுவும் தடவாமல். நேராக, இரண்டு பக்கமும், பின்னால், முழு உருவம். அப்புறம் முடியைப் பின்னால் தள்ளி ஒன்று, முன்னால் விட்டு ஒன்று, தாடியோடு, தாடி இல்லாமல். பார்க்கிறவர் இந்தத் தலையில் என்னவெல்லாம் செய்யலாம் என்று தானே கண்டுபிடித்துக்கொள்வார். முடி மாறினால் படமும் அந்த வாரமே மாறவேண்டும். படத்தில் ஒரு தலை, நேரில் ஒரு தலை என்று போய் நிற்கிறவனை மறுபடி கூப்பிடமாட்டார்கள். ஒரு வேலை ஒப்புக்கொண்டால் அது முழுவதும் முடிகிற வரை வெட்டக் கூடாது. இரண்டு நாள் படப்பிடிப்பு பத்து நாள் இடைவெளியில் நடக்கும், காட்சிக்குக் காட்சி முடி ஒட்டவேண்டும். ஐயப்பனுக்கு மாலை போடுகிற வழக்கம் இருந்தால் கார்த்திகை பிறக்கும் முன்பே, மாடல்களைப் பிடித்துத் தருகிற ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். 41 நாள் தாடியும் முடியும் எடுக்கமாட்டீர்கள் என்று தெரிந்தால் அதற்குத் தகுந்த வேலை கொடுப்பார், தெரியாமல் பொங்கல் விளம்பரத்துக்குப் போட்டுவிட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

ஒரு வேலைக்காக முடியை ரொம்பக் குறைக்கச் சொன்னால், மொட்டை அடிக்கச் சொன்னால், சம்பளத்தைப் பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசுங்கள். அந்த முடி வளர்கிற ஆறேழு மாதத்துக்கு உங்களுக்கு வருமானம் குறையும் என்பதை அவர்களிடம் சொல்வதில் தப்பே இல்லை. அதே மாதிரி, 'உன் தலையை நாங்கள் மாற்றித் தருகிறோம், மாற்றினால்தான் வாய்ப்பு' என்று சொல்லி முன்பணம் கேட்கிற இடத்தில் உட்காரவே செய்யாதீர்கள். நல்ல நிறுவனம் உங்கள் மூலம் வருகிற வேலையில்தான் தன் பங்கை எடுக்கும்.

கடைசியாகத் திருச்செந்தூர். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன், ஒரு படம்கூட எடுக்கும் முன்னால். உங்கள் தலையில் இப்போது பக்கம் ஜீரோ, மேலே நீளம். இதை நான் சொன்ன அளவுக்குக் கொண்டுவர எப்படியும் இரண்டரை மூன்று மாதம் இரண்டும்கெட்டானாகத் திரியவேண்டும். அதற்குப் பதில் தை மாதம் முருகனுக்கு முடியைக் கொடுத்துவிட்டு வந்தால் எல்லாம் ஒரே மட்டத்தில் கிளம்பும், அம்மாவுக்கும் மனசு நிறையும். மொட்டையில் உங்கள் மண்டையின் வடிவம், சுழி, நெற்றிக்கோடு எல்லாம் தெளிவாகத் தெரியும். நானே வந்து பார்த்துச் சொல்கிறேன். ஒரு மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் வந்ததும் அந்தக் குட்டை முடியில் பத்துப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், போலீஸ், ராணுவம் என்று கேட்டால் காட்டுவதற்கு அது மறுபடி கிடைக்காது. பங்குனிக் கடைசி வரை கத்திரியே வேண்டாம். சித்திரையில் பிடரியையும் காதோரத்தையும் மட்டும் ஒதுக்கினால் போதும், மேலே தொடக் கூடாது. அப்போது மூன்று சென்டிமீட்டர் தாண்டியிருக்கும், சுருள் ஆரம்பிக்கும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடிந்து ஒரு நாள் பாளையங்கோட்டைக்கு வாருங்கள், முதல் லேயரை நான் எடுத்துத் தருகிறேன். ஆவணியில் எட்டு சென்டிமீட்டர் பக்கம் நிற்கும். மாப்பிள்ளை வகிடு எடுக்க அது தாராளம், தீபாவளிக்கு ஆள் தேடுகிற நேரமும் அதுதான்.